சாக்கின் பழுப்பு

அன்புள்ள நண்பா,

அறுவை சிகிச்சைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாக நீ எழுதிய கடிதம் கிடைத்தது. ஊசியையும் நூலையும் கீழே வைத்த பிறகு கைகள் எதையோ தேடுகின்றன என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும், சென்ற மாதம் இத்தாலியில் நான் கண்டுவந்த படைப்புகளைப் பற்றி உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அவற்றைப் படைத்த ஓவியர் ஆல்பெர்த்தோ பூரியும் உன்னைப் போல மருத்துவர். இத்தாலியின் உம்பிரியா பகுதியில் சித்தா தி காஸ்தெல்லோ என்னும் சிற்றூரில் 1915இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் படையின் மருத்துவராக இருந்தபோது, 1943இல் துனீசியாவில் பிடிபட்டு, அமெரிக்காவின் டெக்சாஸில் ஹெரெஃபோர்ட் என்னுமிடத்திலிருந்த போர்க்கைதிகள் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அவர் ஓவியம் தீட்டத் தொடங்கியது அங்கேதான். 1946இல் நாடு திரும்பிய பிறகு மருத்துவத்தை விட்டே விட்டார்.

அவருடைய ஊரில் பழைய மாளிகை ஒன்றில் அவர் சாக்கில் செய்த ஓவியங்கள் இருக்கின்றன. தானியம் கட்டிவந்த கோணிகளைக் கிழித்து, ஒட்டுப்போட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறார். ஒன்றின் அருகே போய் நின்றேன். ஒரு கிழிசலின் இரு விளிம்புகளும் தடித்த நூலால் சேர்க்கப்பட்டிருந்தன. நூல் இறுகிய இடத்தில் சணல் இழைகள் சுருங்கி மேடிட்டிருந்தன. தைக்காமல் விட்ட ஓட்டையின் அடியில் கறுப்பு தெரிந்தது. நீ பார்த்திருந்தால் தையலின் இடைவெளியை அளந்திருப்பாய். போர்க்காயத்தின் கட்டுத்துணி என்று விமர்சகர்கள் பலர் அவற்றைப் பற்றி எழுதினார்கள். அவர் அதை ஏற்கவில்லை. வடிவமும் சமநிலையுமே தன் அக்கறை என்பதில் உறுதியாக இருந்தார். அவர் பக்கமே நியாயம் என்பது என் எண்ணம். காயம் என்று பெயர் வைத்த கணத்தில், அந்தப் பழுப்பின் எத்தனையோ சாயல்களைப் பார்ப்பதை நாம் நிறுத்திவிடுகிறோம். மழையில் நனைந்த பழுப்பு, எண்ணெய் ஊறிய பழுப்பு, வெயிலில் வெளுத்த பழுப்பு ஆகிய எதையும் அவர் குழைத்துப் பூசவில்லை. அந்தச் சாக்கு வாழ்ந்த வாழ்க்கையே அதற்கு நிறமாகியிருக்கிறது.

பின்னாளில் அவர் நெருப்பையே தூரிகையாக்கிக்கொண்டார். 1960களில் சிவப்பு பிளாஸ்டிக் தாளைத் தீச்சுடரால் உருக்கிச் செய்தவற்றில், துளைகளின் ஓரம் கருகிச் சுருண்டு, அந்தக் கறுப்புக்கு அருகில் சிவப்பு ஈரம் காயாததுபோல் மின்னுகிறது. இத்தனை ஆண்டுகளாக டியூபிலிருந்து பிதுக்கிய சிவப்பை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அங்கே நெடுநேரம் நின்றேன்.

1970களில் செய்த 'கிரெத்தி' (வெடிப்புகள்) வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளை நிறமியையும் வினைல் பசையையும் குழைத்துப் பலகையில் கனமாகப் பரப்பி, காயும்போது தானாக வெடிக்கவிட்டு, வேண்டிய அளவு வெடித்ததும் பசை பூசி நிறுத்துவார். ஒரே வெள்ளைதான், வெடிப்பின் நிழல்தான் அதில் கோடு போடுகிறது. 1968 நிலநடுக்கத்தில் அழிந்த சிசிலியின் ஜிபெல்லினா ஊரின் இடிபாடுகளை, தெருக்கள் இருந்த தடத்தை ஓரளவு வெடிப்புகளாக விட்டு, வெள்ளைச் சிமெண்டால் மூடியதும் இதன் நீட்சியே. 1984இல் தொடங்கிய அந்த வேலை, அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து, 2015இல்தான் முழுமை பெற்றது.

ஊர் திரும்பியதும் ஜிங்க் ஒயிட் என்னும் வெள்ளை நிறமியும் வெள்ளைப் பசையும் வாங்கி நானும் முயன்றேன். முதல் பலகையில் பசை மிகுந்து, ஒரு கீறல்கூட விழாமல் ரப்பர்போல் காய்ந்தது. இரண்டாவதில் பசை குறைந்து, ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. மூன்றாவதை நிழலில் வைத்தேன். நான்காம் நாள் காலை, வலது மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது உன் வளைந்த ஊசிகளில் இரண்டைக் கொண்டு வா. அரிசிச் சாக்கு நான்கு வாங்கி, துவைக்காமல் வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்