நம்பிக்கை முயற்சி

அன்புள்ள மகளே,

இயேசுவுக்கே புகழ். மரியே வாழ்க.

இங்கே எல்லோருக்கும் சுகம். தடைக்காலம் ஜூன் 1 அன்று தொடங்கிவிட்டது, ஜூலை 31 வரை போட் போகாது. கொச்சியில் போட்டைக் கட்டிப்போட்டுவிட்டு உன் தம்பி வந்திருக்கிறான். அவன் வந்தால் உனக்குத் தெரியுமே, மரச்சீனிப் பானை அடுப்பை விட்டு இறங்குவதில்லை. கடல் இந்த வருஷமும் ரோட்டைத் தொட்டுவிட்டது. குருசடிக்குப் பின்னால் கல் கொண்டுவந்து தட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் குறைவு.

நைட் டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. மாப்பிள்ளை நல்ல மனுஷன், தவறாமல் போன் பண்ணுகிறார். உன்னைக் கேட்டால் "அவள் தூங்குகிறாள் மாமா" என்கிறார். மூன்று வாரமாக நீ தூங்கிக்கொண்டே இருக்கிறாய்.

சரி, அதை விடு. இங்கே இரவு 8 என்றால் அங்கே 5.30. முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு நீயே கூப்பிடுவாய். போனை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்போம், நீ பஸ்ஸில் இருந்தாலும் ஜெபமாலையின் 53 மணியும் எங்களோடு சொல்லி முடிப்பாய். உன் குரல் வந்தால்தான் பாட்டி ஜெபமாலையைக் கையில் எடுப்பார்கள். நாளுக்கு ஒரு வகையாக இயேசு, மாதா வாழ்க்கையிலிருந்து ஐந்து ரகசியம் தியானிப்போமே, அதில் வியாழக்கிழமை ஒளியின் ரகசியம் சொன்னால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஜெபமாலையில் 2002இல் புதிதாகச் சேர்ந்ததை நேற்று வந்தது என்று கடைசி வரை ஏற்றுக்கொள்ளாத மனுஷி. இப்போது பாட்டியும் இல்லை, உன் குரலும் இல்லை. நானும் அம்மாவும் மாறி மாறிச் சொல்லி முடிக்கிறோம். திங்களும் சனியும் சந்தோஷ ரகசியம். இரண்டாவது, மரியன்னை எலிசபெத்தம்மாளைச் சந்தித்தது, இரண்டு பேருமே வயிற்றில் பிள்ளையோடு. அந்த இடம் வந்தால் அம்மாவின் குரல் நின்றுபோகிறது. நான் பிடித்துக்கொள்கிறேன். உனக்காகக் கிழித்து மடித்து வைத்திருந்த பழைய சேலைத் துணிகளைப் பெட்டிக்குள் எடுத்து வைத்துவிட்டாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இது இரண்டாவது தடவை என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

போன வாரம் நாங்கள் இரண்டு பேரும் புலியூர்க்குறிச்சிக்குப் போனோம். தேவசகாயம் பிள்ளை முட்டால் இடித்துத் தண்ணீர் வந்தது என்று சொல்வார்களே, அந்த முட்டிடிச்சான் பாறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தோம். கொடுத்தனுப்புகிறேன், குடிக்கவோ தொட்டுக்கொள்ளவோ உன் இஷ்டம். திரும்பும்போது உதயகிரிக் கோட்டைக்குள்ளும் போனோம். டச்சுப் படையில் வந்த டிலனாயின் கல்லறைக்குப் பக்கத்தில் நிழலாக இருந்தது, அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேவசகாயம் பிள்ளையின் கதையை மறைக்கல்வி வகுப்பில் எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன். அப்போது அவர் பெயர் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. அவருக்கு மாடு செத்தது, விளைச்சல் போனது. மனசு ஒடிந்து இருந்தவரிடம் டிலனாய், வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752இல் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு, 2022இல் புனிதர் பட்டம். வருஷங்களை மனப்பாடம் செய்ய வைத்து மார்க் போட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் அன்றைக்குத்தான் யோசித்தேன். அந்தக் கதையைச் சொன்ன ஆள் யார்? 1741 குளச்சல் சண்டையில் திருவிதாங்கூரிடம் தோற்றுப் பிடிபட்டவர். நாடு விட்டு வந்தவர், திரும்பியே போகாதவர். கரையில் பத்திரமாக நின்றுகொண்டு அவர் ஆறுதல் சொல்லவில்லை.

நான் கரையில் நின்று சொன்னவன். உனக்கு ஞாபகம் இருக்கும். மறந்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஒக்கி புயல் வந்த நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். சித்தப்பாவின் போட்டைப் பற்றித் தகவல் இல்லாத மூன்றாம் நாள் ராத்திரி கோயில் முற்றத்தில் நான்தான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். நீ நர்சிங் இரண்டாம் வருஷம், லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாய். முடிந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாய்: "அந்திரேயாரும் மீன்பிடிக்கிறவர்தானே அப்பா? அவர் திருநாள் அன்றைக்குப் பார்த்தா இப்படி? கடவுள் நல்லவர் என்றால் சித்தப்பா எங்கே?" சித்தி பக்கத்தில் இருந்தாள். நான் உன்னை அடித்தேன். அத்தனை பேர் முன்னால், வளர்ந்த பிள்ளையை. தேவதூஷணம் பேசாதே என்று கத்தினேன்.

உன் கேள்வி எனக்குள்ளேயும் இருந்தது மக்களே. அதை வெளியே கேட்கப் பயந்துதான் கை நீண்டது. சித்தப்பா வரவில்லை. கல்லறைத் திருநாளுக்குப் பூ வைக்க ஒரு குழிகூட இல்லை, கடலில்தான் போடுகிறோம். நான் விடாமல் ஜெபமாலை சொன்னேன், பங்குச்சாமியார் முதல் எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் இரண்டு வருஷத்துக்கு மேல் உதடுதான் அசைந்தது. பாட்டி என்னைப் போல இல்லை. மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று, "நீயும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே, உனக்குமா தெரியாது?" என்று சண்டை போடுவார்கள். திட்டி முடித்துவிட்டு அதே வாயால் "கிருபை தயாபத்து" ஜெபம் சொல்வார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். படிக்காத கிழவி என்று நினைத்தேன், ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

கொரோனாவில் கோயில் பூட்டிக் கிடந்தபோதுதான் யோபு ஆகமத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். 42 அதிகாரம். வகுப்பில் நாங்கள் முதல் இரண்டையும் கடைசியையும் தொட்டுவிட்டு முடித்துவிடுவோம். "ஆண்டவர் தந்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்பதோடு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். நடுவில் அந்த மனுஷன் பிறந்த நாளையே சபிக்கிறான், கடவுளிடம் வழக்குப் பேசுகிறான். கூட்டாளிகள் ஏழு பகல் ஏழு இரவு அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரி. வாயைத் திறந்ததும் என்னைப் போல ஆகிவிட்டார்கள். கடைசியில் ஆண்டவர் அவர்கள்மேல்தான் கோபப்படுகிறார். என்னைப் பற்றி யோபு பேசியதுபோல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். அந்த வரியை வாசித்துவிட்டு நான் எழுந்து வெளியே போய் நின்றேன். உனக்கு அப்போது கொரோனா வார்டில் டூட்டி. ஊரில் எல்லோரிடமும் பெருமை பேசினேன். உன்னிடம் இதைச் சொல்லவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் எழுதவே மாட்டேன். உன்னை அடித்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மகளிடம் மன்னிப்புக் கேட்டீரா என்று சாமியார் கேட்டார். "ம்" என்றேன். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

சின்ன வயதில் நீ மந்திரம் படிக்கும்போது, விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று வரும். ஏன் முயற்சி என்று ஒருநாள் கேட்டாய். பெயர் அப்படி, சும்மா படி என்றேன். இப்போது கேட்டால், நம்பிக்கை வந்த பிறகு சொல்கிற ஜெபம் இல்லை அது, வராத நாளில் சொல்லிப் பார்க்கிறது என்பேன். "முழுமனதோடே நம்பியிருக்கிறேன்" என்று முக்கால் மனசு இல்லாமல் நான் எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறேன். ஆண்டவர் நல்லவர் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஏன் என்று கேட்டால் கணக்குக் காட்டத் தெரியாது. கடலைப் பார்க்கும்போது தோன்றுவதில்லை, பாட்டியை நினைக்கும்போது தோன்றுகிறது. நீ சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. சண்டை போடத் தோன்றினால் போடு, பாட்டி போட்டார்கள். உன் பேரைச் சொல்லி நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். இது திரு இருதய மாதம், தினமும் கோயிலுக்குப் போகிறோம்.

எட்டு மணிக்குப் போனைப் பழைய இடத்தில்தான் வைக்கிறேன். அம்மா எடுத்து அந்தப் பக்கம் வைப்பாள், நான் மறுபடி வைப்பேன்.

சாப்பிடு. வெறும் வயிற்றோடு டூட்டிக்குப் போகாதே என்று மறுபடியும் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் வருகிற வாரம் திருவனந்தபுரத்திலிருந்து புறப்படுகிறான். தண்ணீர் பாட்டிலும் சக்கை வற்றலும் இந்தக் கடிதமும் அவன் கையில் கொடுக்கிறேன். நெத்திலிக் கருவாடும் வைக்கச் சொல்கிறாள் அம்மா, அங்கே ஏர்போர்ட்டில் விடுவார்களா? மாப்பிள்ளையிடம் கேட்காமல் நீயே சொல்லு.

அப்பா