சித்தம்பூண்டிக் கல்லையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் விண்வெளி வியப்புகள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிக்க 243 நாள், சூரியனைச் சுற்றிவர 225 நாள்தான், அதாவது ஒரு சுழற்சி முடிவதற்குள் ஆண்டே முடிந்துவிடும் என்பதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல பக்கம். ஆனால் நிலாவைப் பற்றி எழுதிவிட்டு நாமக்கல் மாவட்டத்தை எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

பரமத்திவேலூர் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் அனார்த்தோசைட் என்ற பாறை இருக்கிறது. உடைத்துப் பார்த்தால் வெள்ளையும் சாம்பலுமாக, நடுநடுவே கறுப்பு மணிகள் தெரியும். எங்கள் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர்கள் மேலே வரும் கல்மாவைப் பார்த்தே கீழே என்ன பாறை என்று சொல்லிவிடுவார்கள், அவர்களில்கூட எத்தனை பேருக்கு இந்தக் கல்லின் பெருமை தெரியும் என்று தெரியவில்லை. சந்திரயான் 2-க்காக நிலாவின் மண்ணைப் போலவே மண் வேண்டும் என்று தேடிய இஸ்ரோ, இந்தக் கல்லைத்தான் அரைத்துப் பரப்பி, லேண்டர் என்ற தரையிறங்கும் கலம் இறங்குவதையும் ரோவர் என்ற ஊர்தியின் சக்கரம் புதையாமல் உருளுவதையும் சோதித்துப் பார்த்தது. அந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது.

இந்தக் கல் நிலாவிலிருந்து விழுந்ததல்ல, சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளேயே உருவானது. நிலாவின் கதை வேறு. பிறந்த புதிதில் நிலா முழுக்கக் கொதிக்கும் பாறைக்குழம்பாக இருந்தது, அது ஆறும்போது எடை குறைந்த வெள்ளைக் கனிமங்கள் மேலே மிதந்து வந்து இறுகி அனார்த்தோசைட் ஓடாகிவிட்டன, இரவில் நாம் பார்க்கும் வெளுத்த பகுதிகள் அவைதான் என்று விஞ்ஞானிகள் சொல்லிவந்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 தென்துருவப் பக்கம் இறங்கி, பிரக்யான் ரோவர் அங்கேயே மண்ணை அளந்து பார்த்தது. 2024-ல் முடிவு வெளியானது: அங்கே இருப்பதும் அனார்த்தோசைட் வகைதான், பாறைக்குழம்புக் கதைக்கு ஒத்துப்போகிறது! எனக்கு வெள்ளிக் கோளைவிட இதுதான் பெரிய ஆச்சரியம். ஒரு எண்ணைப் படித்து வியப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியும்போதுதான் பிள்ளைக்கு மேலே கேள்வி கேட்கத் தோன்றும்.

அப்புறம், எழுத வேண்டிய இன்னொன்று, விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்க ஊட்டி முத்தோரையில் 1970 முதல் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம். அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி, அதே அளவு சரிவுள்ள மலையாகத் தேடிப்பிடித்து வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது, ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். ஊட்டிக்குப் போகிற நம்ம ஆட்கள் தாவரவியல் பூங்காவும் படகு இல்லமும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

சந்திரயான் 1-ன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கோதவாடிக்காரர் என்பது பலருக்குத் தெரியும், அதை நான் நீட்டவில்லை.

அடுத்த இணைப்பில் சித்தம்பூண்டிக் கல்லின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். நாமக்கல், ஈரோடு, கரூர் மாவட்ட அறிவியல் ஆசிரியர்கள் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிப்போய், கல்லைக் கையில் எடுத்துப் பார்க்க வைக்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்செங்கோடு