செய்முறைக் கூடம் இல்லாமல் ஊடாட்ட ஊடகக் கருத்தரங்கு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். டெல்டா மாவட்டக் கல்லூரிகளில் நடக்கும் கருத்தரங்குகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். ஊடாட்ட ஊடகம், அதாவது பார்ப்பவரும் இயக்கிப் பங்கேற்கும் ஊடகம் என்ற பொருளில் ஆய்வுக் கருத்தரங்கு நடத்தத் துறைகள் பல முன்வருகின்றன என்று அதில் எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் குத்துவிளக்கு, பொன்னாடை, ஆளுக்குப் பத்து நிமிடம் கட்டுரை வாசிப்பு, மாலையில் சான்றிதழ் என்ற வழக்கமான வரிசை இந்தத் துறைக்குப் போதாது. பார்ப்பவர் கை வைத்த பிறகுதான் இந்த ஊடகம் வேலை செய்யவே தொடங்குகிறது. திரையில் நான்கு ஸ்லைடு காட்டி அதை விளக்குவது, நாதஸ்வரத்தைப் படமாகக் காட்டிக் கச்சேரி என்று சொல்வது போல.

உலக அளவில் இத்துறையின் முக்கிய மாநாடுகளில் ஒன்று 2003ல் ஐரோப்பாவில் இன்டராக்டிவ் டிவிக்கான கூட்டமாகத் தொடங்கியது. 2014ல் ஏசிஎம் டிவிஎக்ஸ் என்று பெயர் மாறி (ஏசிஎம் என்பது உலகக் கணினித் துறைச் சங்கம்), 2020 முதல் ஏசிஎம் ஐஎம்எக்ஸ் என்று நடக்கிறது. ரிமோட் பொத்தானில் தொடங்கிய ஆய்வு கைபேசி, கண்ணை மூடி மாட்டும் மெய்நிகர்த் திரையான விஆர் ஹெட்செட் என்று விரிந்துவிட்டதை இந்தப் பெயர்களே சொல்லும். முழுக் கட்டுரைகளுக்கு இருப்பது போலவே டெமோக்களுக்கும், அதாவது வந்தவர்களே இயக்கிப் பார்க்கும் செய்முறைக் காட்சிகளுக்கும், அங்கே தனியாக விண்ணப்பம், தனியாகத் தேர்வு உண்டு. நம் பக்கத்தில் டெமோ என்றால் சாப்பாட்டு இடைவேளையில் வராந்தாவில் நாலு மேசை போடுவது என்றாகிவிட்டது.

வராந்தாவில் ஏன் கூடாது என்பதற்கு எளிய காரணம் வெயில். இன்றைய ஹெட்செட்டுகள் தம் மேலுள்ள கேமராக்களால் சுற்றுப்புறத்தைப் பார்த்துத்தான் தாம் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகின்றன. நேர் வெயிலில் அவை தடுமாறும். விளக்கை அணைத்த இருட்டறையிலும், படமோ பலகையோ இல்லாத வெறும் வெள்ளைச் சுவருக்கு முன்னாலும் அதே கதைதான். அதைவிடப் பெரிய ஆபத்து, கழற்றி மேசையில் வைக்கும்போது லென்ஸ் பக்கம் வெயிலைப் பார்த்துவிடுவது. பூதக்கண்ணாடி காகிதத்தைச் சுடுவது போல லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். அந்தக் கறை போகாது. ஆகவே மேற்குப் பக்க ஜன்னல்களுக்குத் தடித்த திரை போட்ட உள்கூடம் வேண்டும். ஒருவர் நின்று அசைய 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் காட்ட வேண்டும். தலைக்கு மேலே மின்விசிறி தாழ்வாகத் தொங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும், கையை உயர்த்துவார்கள்.

நேரக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஹெட்செட்டை மாட்டிச் சரிசெய்ய 3 நிமிடம், பார்க்க 5, கழற்றித் துடைக்க 2. ஆக ஒருவருக்கு 10 நிமிடம், மணிக்கு 6 பேர். இரண்டு ஹெட்செட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் திறந்தால் 12 பேர்தான் பார்க்க முடியும். இருநூறு பேர் வரும் கருத்தரங்கில் இது எம்மாத்திரம்? இரண்டு நாளும் மூன்று மூன்று மணி நேரம் திறந்து, நேரம் எழுதிய டோக்கன் கொடுத்தால் 72 பேர் பார்ப்பார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் பக்கத்து அரங்கில் கட்டுரை வாசிப்பு வைக்கக் கூடாது.

மாட்டிச் சரிசெய்ய எதற்கு 3 நிமிடம் என்று கேட்பார்கள். நம் ஊரில் நெற்றியில் விபூதியும் குங்குமமும் இருக்கும், தலையில் எண்ணெயும் பூவும் இருக்கும். பின்பட்டை கொண்டைமேல் ஏறி நின்றுவிட்டால் ஹெட்செட் முகத்தில் சாய்ந்துவிடும், எழுத்து மங்கும். ஆய்வாளர் அதைப் புரிந்துகொள்ளாமல் ‘எழுத்தின் அளவு போதவில்லை’ என்று முடிவு எழுதிவிடுவார். பட்டையைக் கொண்டைக்குக் கீழே பிடரியோரம் இறக்கிவிட்டு, அதன் பிறகே மேல்பட்டையை இழுக்க வேண்டும். முகம் படும் நுரைப்பகுதியில் எண்ணெயும் குங்குமமும் ஊறிவிட்டால் எடுக்க முடியாது என்பதால் கழுவக்கூடிய சிலிக்கோன் உறை போடுவது நல்லது. லென்ஸை மைக்ரோஃபைபர் துணியால் ஈரமில்லாமல் துடைத்தால் போதும். சானிடைசர் பட்டால் மேல்பூச்சு உரிந்துவிடும்.

அடுத்தது மின்சாரம். பன்னிரண்டு ஸ்டால், ஒவ்வொன்றிலும் கணினியும் திரையுமாக 400 வாட் என்றால் 4,800 வாட். நான்கு புரொஜெக்டருக்கு 1,200. மொத்தம் 6 கிலோவாட். பவர் ஃபாக்டர் (இழுக்கும் மின்திறனில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.8 என்று வைத்தால், யுபிஎஸ் அளவைச் சொல்லும் அலகில் 7.5 கேவிஏ வருகிறது, ஆகவே 10 கேவிஏ யுபிஎஸ் வேண்டும். ‘ஜெனரேட்டர்தான் இருக்கிறதே’ என்று சொல்வார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடிகளில் கணினி அணைந்து, பாதியில் நின்ற பங்கேற்பாளரின் பதிவு முழுவதும் போய்விடும். ஏசியை இந்த யுபிஎஸ்ஸில் சேர்க்காதீர்கள், டெமோ இணைப்பு இருக்கும் அதே ஃபேஸிலும் வேண்டாம். கம்ப்ரஸர் எடுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று ஸ்டாலைக் கோப்பதும் ஒரு 5 ஆம்பியர் பிளக் தாங்கும் காரியம் இல்லை.

வைஃபை விஷயத்தில் ஒன்று மட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அரங்கில் இருக்கும் கைபேசிகளே அதை அடைத்துவிடும். டெமோ கணினிகளுக்குக் கேபிள் இழுத்துவிட்டு, ஹெட்செட்டுகளைத் தனி ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸில் விடுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கம் வழியாகத்தான் கல்லூரி இணையத்துக்குள் போக முடியும் என்றால் பல கருவிகள் அங்கேயே நின்றுவிடும்.

கட்டுரைத் தேர்வில் ஆசிரியர் பெயரை மறைத்து மதிப்பிடுகிறோம் என்று அறிவிக்கிறார்கள். முதல் பக்கத்தில் பெயரை நீக்கினால் போதாது. கோப்பின் பண்புகளில் பெயர் இருக்கும், நன்றியுரையில் நெறியாளர் இருப்பார், டெமோ வீடியோவில் கல்லூரிப் பெயர்ப்பலகை தெரியும். ஆய்வுக்கோவைக்கு ஐஎஸ்பிஎன் வாங்கிவிட்டோம் என்பதையும் தரச்சான்று போல விளம்பரம் செய்ய வேண்டாம். அது புத்தகத்தின் அடையாள எண், நம் நாட்டில் இலவசமாகவே கிடைக்கிறது.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது, டெமோவைப் பயன்படுத்திப் பார்த்தவரிடம் ஆய்வாளர் தரும் கேள்வித்தாள். ஒரு செயலி பயன்படுத்த எளிதா என்று அளக்க எஸ்யுஎஸ் என்ற பத்துக் கேள்வி அளவுகோலைப் பலரும் எடுத்தாள்கிறார்கள். ஜான் புரூக் 1986ல் உருவாக்கியது. ஒவ்வொன்றுக்கும் 1 (சற்றும் ஒத்துக்கொள்ளவில்லை) முதல் 5 (முழுக்க ஒத்துக்கொள்கிறேன்) வரை விடை போட வேண்டும். ஒற்றைப்படைக் கேள்விகள் பாராட்டாகவும் இரட்டைப்படைக் கேள்விகள் குறையாகவும் மாறி மாறி வரும். ஒற்றைப்படை விடையிலிருந்து 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படை விடையை 5இலிருந்து கழிக்க வேண்டும், பத்தையும் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் நூற்றுக்கு மதிப்பெண் வரும். இப்போது பாபநாசத்து விவசாயி ஒருவரிடம் இதைக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வந்த பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று பத்துக்கும் 5 போடுகிறார். ஒற்றைப்படைக்கு 20, இரட்டைப்படைக்கு 0, விடை 50. எதிலும் ஒட்டாமல் எல்லாவற்றுக்கும் 3 போட்டவருக்கும் 50தான், கோபத்தில் எல்லாவற்றுக்கும் 1 போட்டவருக்கும் அதே 50தான்! சராசரியை மட்டும் அச்சடிக்கும் கட்டுரையில் இந்த மூவரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை தந்த தாள்கள் எத்தனை என்பதைக் கட்டுரையில் சொல்ல வேண்டும் என்று தேர்வுக் குழு விதி வைக்கலாம்.

மொழிபெயர்ப்பிலும் சிக்கல் இருக்கிறது. ‘சிரமமாக இல்லை’ என்ற வாக்கியத்துக்கு ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற விடையைக் கொடுத்தால் யாருக்கும் குழம்பும். ‘இது சிரமமா இருந்துச்சு’ என்று பேச்சுத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, விடையாக ஐந்து கிண்ணம் வைத்து ஒரு புளியங்கொட்டையைப் போடச் சொன்னால் தெளிவாகப் பதில் சொல்வார்கள். ஒப்புதல் படிவத்தையும் அப்படியே வாசித்துக் காட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் பங்கேற்றால், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே பெற்றோர் ஒப்புதல் தேவை. தலைமையாசிரியர் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

தேதி விஷயத்தில் நாங்கள் சொல்வது மாசி மாதம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஜூன் 12ல் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணையும் திறந்துவிடும், குறுவை வேலையில் இருப்பவர்களை ஆய்வுக்குக் கூப்பிட முடியாது. தை மாதம் அறுவடை, அதையொட்டித் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை வேறு, தஞ்சையில் அறை கிடைப்பது கடினம். 2028 மாசியில் மட்டும் கும்பகோணத்துப் பக்கம் வேண்டாம், மகாமகம் வருகிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய கருத்தரங்கு அறிவிப்பு தங்கள் அலுவலகத்துக்கு வரும்போது, சிறப்பு விருந்தினர் பெயரோடு மூன்று விவரங்களையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்: செய்முறைக் கூடத்தில் எத்தனை ஸ்டால், அது எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், ஊர் மக்களுக்கு எந்த நேரத்தில் அனுமதி.

இப்படிக்கு,
ஊடகத் துறை ஆசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர், கும்பகோணம்