அரோவானா வாங்கும் முன்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்பின் குகன்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் நிம்மதி வந்தது. இங்கும் எல்லோரும் சுகம். மகள் உயர்தரப் பரீட்சைக்கு இரவு பகலாகப் படிக்கிறாள்.

மகன் வீட்டில் வளர்க்க அரோவானா அல்லது கத்தி மீன் கேட்கிறான், எது நல்லது என்று எழுதியிருந்தாய். கத்தி மீனை மறந்துவிடு; 2025 ஜனவரி வர்த்தமானியிலேயே அதற்குத் தடை வந்துவிட்டது. அரோவானாவைப் பற்றித்தான் உன்னிடம் மனம் விட்டுச் சொல்ல வேண்டும்.

2020 தொடக்கத்தில் நான் வாங்கியபோது அது என் விரல் நீளம். "தொட்டியின் அளவுக்குத்தான் வளரும்" என்றார் கடைக்காரர். நம்பினேன். அது அமேசன் மீன், குகன். மூன்று அடி வரை வளரும். வெள்ளம் புகுந்த காட்டுக்குள் நீந்தி, தாழ்ந்த கிளையில் இருக்கும் வண்டை எம்பிப் பிடிக்கிற பிறவி. அதனால்தான் வாய் மேல்நோக்கித் திறக்கிறது. எங்கள் வீட்டிலும் ஒருமுறை எம்பி மூடியில் மோதி நான்கு செதில்களை இழந்தது.

இரண்டு வருடத்தில் இரண்டு அடியாகிவிட்டது. தொட்டியின் நீளம் நான்கடி, அகலமோ ஒன்றரை அடி. ஒரு மாலை பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மூலைக்கு வந்ததும் உடலை வில்லாக வளைத்தது. மூக்கு ஒரு கண்ணாடியிலும் வால் எதிர்க் கண்ணாடியிலும் உரச, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகுதான் திரும்பியது. மறு மூலையிலும் அதேதான். வால் செட்டையின் ஓரம் கிழிந்து சிவந்திருந்தது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதே 2022இல்தான் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. காற்றுப் பம்பு ஓய்ந்ததும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நானும் மகளும் மெழுகுதிரி வெளிச்சத்தில் மாறி மாறிக் குவளையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்போம். 250 லீற்றர் தண்ணீரில் அத்தனை பெரிய உயிருக்கு ஒட்சிசன் எவ்வளவு நேரம் காணும்? நீரோட்டம் நின்றால் வடிகட்டியில் இருக்கும் நல்ல பக்டீரியாவும் சாகத் தொடங்கும். பிறகு மீனின் கழிவில் வரும் அமோனியாவே அதற்கு நஞ்சு.

"தியவன்னா ஏரியில் விட்டுவிடுங்கள், பாவம், சுதந்திரமாக வாழட்டும்" என்றார் மேல்மாடிக்காரர். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் தென்கிழக்காசியக் கத்தி மீன் இன்று தியவன்னாவிலும் பொல்கொடை ஏரியிலும் பெருகி நம் ஊர்ச் சிறுமீன்களைத் தின்கிறதே, அதுவும் ஒரு காலத்தில் தொட்டிகளில் வளர்ந்ததுதான். அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் மாலபேயில் சித்தப்பா வீட்டு வளவில் பன்னிரண்டடிக்கு எட்டடியில் சீமெந்துத் தொட்டி கட்டி, மேலே வலை போட்டோம். மோட்டார் சைக்கிளுக்குச் சேர்த்த காசு அதில் போனது. எனக்கு வருத்தமில்லை.

கொண்டுபோய் விட்ட அன்று அது சுவரோரமாக நான்கடி போய், அங்கே எதுவும் இல்லாமலே உடலை வளைத்துத் திரும்பியது. மறுபடி நான்கடி, மறுபடி வளைவு. பார்க்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, அது மறுகரை வரை போய்விட்டதடா" என்றார்.

வாங்குவதற்கு முன் விடுமுறையில் மகனைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மாலபே போவேன், அவனும் வரட்டும். தன் கையாலேயே இறால் போட்டு, அது தண்ணீரைப் பிளந்துகொண்டு வருவதைப் பார்க்கட்டும். அதன் பிறகும் வேண்டும் என்றால், உன் வளவில் எங்கே தொட்டி கட்டலாம் என்று நானே வந்து அளந்து தருகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன்,
சிவா