வழிச் சாப்பாடு பற்றி மகனுக்கு

களுவாஞ்சிகுடி

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். மார்கழி விடுமுறைக்கு நீங்கள் எல்லோரும் வருவதாகவும், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஊர் வந்து சேரும் வரைக்கும் எங்கெங்கே இறங்கிச் சாப்பிடுவது என்று ஒரு பட்டியல் போட்டிருப்பதாகவும் சொன்னாய். அந்தப் பட்டியலைத் தங்கச்சி எனக்கு வாசித்துக் காட்டினாள். கடைகளின் படங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால், உன் அப்பாவுக்கு இடமாற்றம் வந்த போதெல்லாம் சட்டி பானையையும் உங்களையும் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனவள் என்ற முறையில், வழியில் சாப்பிடுவதைப் பற்றிச் சொல்ல எனக்கும் கொஞ்சம் உண்டு.

கொழும்புப் பாதையில் தூரத்து பஸ்கள் வழக்கமாக நிறுத்தும் கடைகளை நீ மறந்திருக்கமாட்டாய். அப்படியொரு கடையில்தான் என் வாழ்நாளிலேயே மோசமான சோற்றைச் சாப்பிட்டேன். சாரதியையும் நடத்துநரையும் உள்ளறைக்கு அழைத்துச் சென்று ஆவி பறக்கும் சோறும் அப்போது பொரித்த மீனும் வைத்தார்கள். எங்களுக்கோ காலையில் வடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த சோறும், மேலே ஆடை படர்ந்த பருப்பும், எத்தனை தடவை சூடுகாட்டினார்களோ தெரியாத ஒரு மீன்துண்டும் வந்தன. விலையைச் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் சொன்னார்கள். சாரதிக்கு நல்ல சாப்பாடு இலவசமாகக் கிடைப்பது, அவர் நாளைக்கும் பஸ்ஸை அங்கே நிறுத்த வேண்டும் என்பதற்காக. பயணிக்கு வேறு போக்கிடம் இல்லை. அவர் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் சமைப்பவருக்கு ஒன்றுதான். சாப்பிடப் போகிறவரின் முகத்தைப் பார்த்துச் சமைக்காத இடத்தில் நல்ல சாப்பாட்டை எதிர்பார்க்கக் கூடாது என்பதே என் எண்ணம். உன் பட்டியலில் பாதிக் கடைகள் இந்த வகைதான், விலை மட்டும் கூட.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதே. 1990களில் ஒருமுறை உன் பெரியம்மா ஆசையோடு பாற்சொதியும் தேங்காய்ப்பூச் சம்பலும் வைத்துச் சோற்றுப் பொதி கட்டித் தந்தார். போர்க்காலம் அது; புணானைச் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் எல்லோரையும் இறக்கி, பைகளையும் பொதிகளையும் திறந்து காட்டச் சொன்னார்கள். வரிசை வெயிலில் மத்தியானம் வரை நகரவில்லை. மீண்டும் ஏறி மன்னம்பிட்டிப் பாலத்துக்கு வந்தால், அங்கே ரயிலும் வாகனங்களும் ஒரே பாலத்தில் போன காலம் அது, மறுபடியும் காத்திருப்பு. பொதியைப் பிரித்தபோது புளித்த வாடை அடித்தது. பசியில் அழுத உனக்கு அவித்த முட்டையைக் கழுவித் தந்துவிட்டு மிச்சத்தைக் குளத்தோரத்தில் கொட்டினோம். பச்சைத் தேங்காயும் தேங்காய்ப்பாலும் வெக்கையில் சில மணித்தியாலங்கூடத் தாங்கா. இதற்காகத்தான் உன் அம்மம்மா கட்டுச்சோற்றில் தேங்காயையே சேர்க்கமாட்டார். வாழையிலையைக் கிழியாதபடி தணலில் வாட்டி, சோற்றைச் சுளகில் பரப்பி ஆவி போன பிறகே அதில் வைப்பார்; பக்கத்தில் பொரித்துப் புளி விட்ட கத்தரிக்காய், நன்றாக வற்றிய இறால் பிரட்டல், கருவாட்டுப் பொரியல். அந்தப் பொதி இரவு வரைக்கும் மணமாக இருக்கும்.

நல்லதையும் சொல்கிறேன். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகச் செங்கலடிக்கு வரும் பாதையில் ஒரு மழை நாளில் பஸ் பழுதாகி நின்றது. பாதையோரத்து லயத்திலிருந்து, அதுதான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஒரு பெண் வெளியே வந்து, கைக்குழந்தையோடு நின்ற என்னைத் தன் அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டித் தட்டித் தடித்த ரொட்டியாக்கிக் கல்லில் போட்டார். ஓரங்கள் கருகத் தொடங்கியதும் கையாலேயே திருப்பினார். செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் அம்மியில் நசுங்கிய அந்தச் சம்பல் கண்ணில் நீரை வரவழைத்தது. கறி இல்லை, பால் இல்லை. வெறும் தேநீரும், தொட்டுக்கொள்ள உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் தந்தார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் தேங்காய் ரொட்டி சாப்பிட்டிருக்கிறேன். ஒன்றும் அதற்குக் கிட்ட வரவில்லை.

இன்னொன்று யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ். போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணத்து ஏ-9 பாதை 2002ஆம் ஆண்டு திறந்த பிறகு அப்பாவின் சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தோம். காயவைத்த பனங்கிழங்கை இடித்தெடுத்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, கசப்புப் போகும்வரை மேல்தண்ணீரை ஊற்றி ஊற்றி எடுக்கும் வேலை காலையிலேயே தொடங்கிவிட்டது. பெரிய பானையில் மீன்தலை, நண்டு, இறால், பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் அவிந்த பிறகு, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்து, கடைசியில்தான் மாவைக் கரைத்து விட்டார்கள். முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடித்தோம். எங்கள் மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுத் திரும்பவிடாமல் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று எங்களைப் பகிடி பண்ணுகிற யாழ்ப்பாணத்தவர்கள், அன்று அப்பாவை முற்றத்தோடு ஒட்டவைத்துவிட்டார்கள், மனுஷன் எழும்பவேயில்லை.

சிதம்பரத்தில் இட்லி பஞ்சாக இருந்தது; ஆனால் தேங்காய்ப்பால் இல்லாத குழம்பு எனக்குச் சில நாட்களிலேயே அலுத்துவிட்டது. உன்னிடம் வந்தபோது விமானத்தில் முட்டை என்று சொல்லித் தந்த மஞ்சள் சதுரத்தைப் பற்றி எழுதுவதற்குக் கடிதத்தில் இடம் வீண்.

ஆகவே ஒரு வேலை செய். நீர்கொழும்புச் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். அம்மம்மா கட்டுகிற முறையில் பொதி கட்டி விடியற்காலையில் கட்டுநாயக்காவுக்குக் கொண்டுவருவார். சின்னவளுக்கு உறைப்பு ஆகாது, அவளுடையது தனியாக இருக்கும். ஹபரணைப் பக்கம் பாதையோரத்தில் சோளம் அவிக்கிறவர்களைக் கண்டால், கொதிக்கும் பானையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி வாங்கு. பொலன்னறுவை தாண்டினால் எருமைத் தயிர் விற்பார்கள். மண்சட்டியில் உறைந்ததை மட்டும் வாங்க வேண்டும். எருமைப் பாலில் கொழுப்பு பசுப்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதோடு மண் தண்ணீரை இழுத்துக்கொள்வதால்தான் அந்தத் தயிர் வெட்டி எடுக்கலாம் போலக் கட்டியாக வரும். மேலே தண்ணீர் நின்றால் அடுத்த சட்டியைப் பார். பிளாஸ்டிக் கோப்பையில் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

வாழைச்சேனை தாண்டியதும் எனக்கு ஒரு தொலைபேசி எடு, மாவைக் குழைக்கத் தொடங்குவேன். குருக்கள்மடத்தில் இன்னொரு தடவை எடு; அதற்குப் பிறகுதான் பிட்டுக் குழலை அடுப்பில் வைப்பேன். வாழைப்பழமும் சீனியும் இங்கே இருக்கின்றன, தயிரை மட்டும் நீ மறக்காமல் கொண்டுவா.

அன்புடன்,
அம்மா