ஸ்போர்ட்ஸ் செடானை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலிய கார் பந்தயத்தின் பொற்காலம் பற்றிய கட்டுரை அருமை. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற நீண்ட தூரப் பந்தயமான பதர்ஸ்ட்டில், 1979இல் பீட்டர் பிராக், ஜிம் ரிச்சர்ட்ஸ் ஜோடி ஹோல்டன் டொரானா காரில் 6 சுற்று வித்தியாசத்தில் ஜெயித்ததை எழுதியிருந்தீர்கள். சரி, கடைசிச் சுற்றில் பிராக் ஒரு சுற்றுக்கான வேகச் சாதனையையே முறியடித்ததை ஏன் விட்டீர்கள்? ஜெயிப்பது உறுதியான பிறகு யாராவது அப்படி விரட்டுவார்களா!

அதைவிடப் பெரிய குறை, சாதாரணக் கார்களைத் தாராளமாக மாற்றியமைத்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் செடான் பிரிவின் பக்கம் நீங்கள் எட்டிக்கூடப் பார்க்காதது. பதர்ஸ்ட்டில் ஓடிய டூரிங் கார்கள் அப்போது கடையில் விற்கும் கார்களை ஒட்டியே இருக்க வேண்டியிருந்தது. ஸ்போர்ட்ஸ் செடானிலோ கற்பனைக்குக் கடிவாளம் குறைவு. பிரையன் தாம்சன் ஒரு ஃபோக்ஸ்வாகனுக்குள் செவ்ரோலேயின் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினைத் திணித்து ஓட்டினார். ஃபிராங்க் கார்ட்னரின் செவ்ரோலே கோர்வேரில் ஓட்டுநருக்குப் பின்னால் வி8 உறுமியது. ஆலன் மோஃபட் ஃபோர்டு ஆள் என்று பெயர். ஆனால் இந்தப் பிரிவில் அவர் போட்டி நிறுவனத்தின் செவ்ரோலே மோன்சாவும் ஓட்டினார். ஃபோர்டு ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அப்புறம், 1980 பதர்ஸ்ட் பந்தயத்தில் பாதையில் கிடந்த பாறையில் மோதி டிக் ஜான்சனின் ஃபோர்டு ஃபால்கன் கார் நொறுங்கியபோது மக்கள் அவருக்குப் பணம் அனுப்பினார்கள். மறு வருடமே அவர் பதர்ஸ்ட்டில் ஜெயித்தார். அடுத்த கட்டுரையில் இவற்றுக்கும் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய பந்தய ரசிகன்