எகிப்தின் கதை கிளியோபாத்ராவோடு முடியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் எகிப்தைப் பற்றிப் படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். எட்டு, பிரமிடும் மம்மியும். மீதி இரண்டு, கிளியோபாத்ரா. பத்தில் ஒன்றுகூட அந்த நாட்டுக்காரர் எழுதியதில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "அதற்குப் பிறகு அங்கே படிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை" என்று முடித்திருந்தீர்களே, அந்த வரிதான் மனதை அறுக்கிறது.

கிளியோபாத்ரா இறந்தது கி.மு. 30-இல். கெய்ரோ உருவானதே அதற்குச் சுமார் ஆயிரம் வருடம் கழித்து, கி.பி. 969-இல். வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் நீதிபதியாக இருந்து கண்மூடிய ஊர் அது. 1798-இல் நெப்போலியன் படை வந்தபோது நடந்ததையெல்லாம் கூடவே இருந்து எழுதிவைத்தவர் அல்-ஜபர்த்தி என்ற கெய்ரோ அறிஞர். உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்? தெரிந்தும் விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

குவைத்தில் பதினாறு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். எதிர் மேஜையில் கணக்கு எழுதியவர் எகிப்தியர், மன்சூரா பக்கத்துக் கிராமம். காலையில் ரொட்டியைப் பிய்த்து எனக்கும் ஒரு துண்டு நீட்டுவார். மற்ற அரபிகள் ரொட்டியை 'குப்ஸ்' என்பார்கள், இவர் 'ஐஷ்' என்பார். அந்தச் சொல்லுக்கு வாழ்வு என்றும் பொருள் உண்டாம். அவர் சொல்லித்தான் எழுத்தாளர் தாஹா ஹுசைனைத் தெரியும். சின்ன வயதிலேயே பார்வை போன கிராமத்துப் பையன், கெய்ரோவின் அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் படித்து, 1950-இல் கல்வி அமைச்சரானார். தண்ணீரும் காற்றும் போலக் கல்வியும் எல்லோருக்கும் வேண்டும் என்றவர். "என் தகப்பனார் பள்ளிக்கூட வாசலை மிதித்தது அந்த மனிதரால்தான்" என்று சொல்லும்போது நண்பருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மண்ணில் படிக்க ஒன்றுமில்லையா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1988-இல் நோபல் வாங்கிய எகிப்திய நாவலாசிரியர் நகீப் மஹ்ஃபூஸ் 2006-இல் மறைந்தபோது உங்கள் இதழில் நாலு வரி வரவில்லை. அதைப் பற்றி நான் எழுதிய கடிதமும் வரவில்லை. அரபு நாடு என்றாலே ஒட்டகப் படம். பெய்ரூத் துறைமுகம் வெடித்துச் சிதறி ஜனங்கள் செத்துக் கிடந்த கட்டுரைக்கும் ஓரத்தில் ஒட்டகம் நின்றது. அன்றைக்கே சந்தாவை நிறுத்தியிருப்பேன், பழகிய பத்திரிகை என்று மனசு வரவில்லை.

அடுத்த இதழில் சின்னதாக ஒரு கட்டம் கட்டி நாலு பெயர் போடுங்கள், போதும். தாஹா ஹுசைனின் தன்வரலாறு 'நாட்கள்'. பழைய கெய்ரோவின் தெருப்பெயர்களையே தலைப்பாக வைத்து மஹ்ஃபூஸ் எழுதிய மூன்று நாவல்கள். சிலுவைப் போர்களை அரபுக் குறிப்புகளைக் கொண்டே சொல்லும் அமின் மாலூஃப் நூல். அப்புறம் ஆல்பர்ட் ஹூரானியின் அரபு மக்கள் வரலாறு. எல்லாமே ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. இடம் போதவில்லை என்றால் தாஹா ஹுசைனை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கூத்தாநல்லூர்